மூன்று கம்பத் தூரம்

கூலாயில் என் அக்கா வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு யாரும் சீக்கிரம் தூங்குவதில்லை. மூத்தவன் கோலாலம்பூரில் வேலை செய்கிறான். வேலை முடிந்து, காரை எடுத்து, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் வீட்டுக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அக்கா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். 2016 டிசம்பர் 24 அதிகாலையில் பாகோ அருகே விரைவுப் பேருந்து பள்ளத்தில் விழுந்து 14 பேர் இறந்தார்களே, அந்தச் செய்தியை அவர் இன்னும் மறக்கவில்லை. மகன் பாகோவைத் தாண்டிவிட்டான் என்று தெரிந்தால்தான் அவருக்கு மூச்சு வரும்.

சின்னவன் கதை வேறு. அவனுக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவான். ஜொகூர் பாரு பாலத்தை நோக்கி இருட்டில் ஓடும் ஆயிரக்கணக்கான மோட்டார்களில் அவனுடையதும் ஒன்று. ஆக, அக்காவுக்கு ஒரு மகனுக்காக இரவில் விழிப்பு, இன்னொரு மகனுக்காக விடியலில் விழிப்பு.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மூத்தவன் என்னிடம் ஒரு சின்னப் போத்தலைக் கொண்டுவந்து நீட்டினான்.

"மாமா, ஒங்ககிட்ட லேசர்ல தூரம் அளக்கிற மிஷின் இருக்குல்ல? இத கொஞ்சம் டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமா?"

"என்னடா இது?"

"கார் லைட்டு மேல பூசுறது. போலீஸ் லேசர் துப்பாக்கி கிட்ட வர்ற வரைக்கும் நம்ம காரப் பிடிக்காதாம். எனக்கு ஏற்கெனவே ரெண்டு சம்மன் வந்திருச்சி."

அவனுடையது வெள்ளை மைவி. மைவி ஓட்டுகிறவர்களைப் பற்றி இந்த நாட்டில் உலவும் நகைச்சுவைகளை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "வேகத்தக் கொறச்சா இந்தப் போத்தலே தேவைப்படாதே" என்றேன். சிரித்தான். இருபத்தாறு வயதுப் பையனுக்கு அது ஒரு பதிலா?

நான் நில அளவைத் துறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். லேசர் ஒளியை அனுப்பித் தூரம் அளப்பது எனக்குச் சோறு போடும் தொழில். புத்திமதி சொல்வதைவிட அளந்து காட்டுவது எனக்குச் சுலபம். சரி, பார்த்துவிடுவோம் என்று ஒப்புக்கொண்டேன்.

துப்பாக்கி எப்படி வேகத்தைக் கண்டுபிடிக்கிறது?

முதலில் அந்தக் கருவியைப் புரிந்துகொள்ள வேண்டும். போலீசாரின் லேசர் துப்பாக்கி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் துடிப்புத் துடிப்பாக அனுப்புகிறது. மனிதக் கண் பார்க்கும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை. இந்த லேசரின் அலைநீளம் 905 நானோமீட்டர் அளவில் இருக்கும்.

ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 300 மீட்டர் தூரத்தில் இருக்கும் காரில் பட்டுத் திரும்பிவர அதற்கு ஒரு நொடியில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு நேரம் போதும். அந்த நேரத்தைக் கருவி அளந்து, கார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடும். அடுத்த துடிப்பில் கார் கொஞ்சம் நெருங்கியிருக்கும். அடுத்ததில் இன்னும் கொஞ்சம். இப்படிப் பல துடிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். இதற்கெல்லாம் அரை நொடிகூட ஆகாது.

பழைய ரேடார் கருவியின் அலை அகலமாகப் பரவும். லேசர் அப்படியில்லை. 300 மீட்டர் தூரத்திலும் அதன் அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதனால்தான் மூன்று தடங்களில் ஓடும் கார்களில் ஒரே ஒரு காரைக் குறிவைக்க முடிகிறது.

காரின் எந்தப் பகுதி ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும்? வெளிநாடுகள் பலவற்றில் எண் பலகையே ஒளியைத் திருப்பும் தகட்டால் ஆனது. அங்கே போலீசார் அதைத்தான் குறிவைப்பார்கள். நம் நாட்டில் வழக்கமான எண் பலகை கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. அதில் அவ்வளவு பிரதிபலிப்பு இல்லை. ஆனால் முன்விளக்கு இருக்கிறதே, அதன் உள்ளே இருக்கும் பளபளப்பான கிண்ணம் லேசருக்கு நல்ல கண்ணாடி. மூத்தவன் வாங்கிவந்த திரவம் வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான். பார்ப்பதற்குக் கண்ணாடி போலத் தெரிந்தாலும் அகச்சிவப்பு ஒளியை மட்டும் அது விழுங்கிவிடும் என்பது விற்பவர்களின் வாக்குறுதி. எண் பலகையிலும் பூசலாம் என்றான். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. எண் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது சட்டம். அதில் எதையாவது பூசப்போய், வேகத்துக்கு வராத சம்மன் பலகைக்கு வந்து சேரும்.

செம்பனைத் தோட்டத்தில் ஒரு ஞாயிறு

கோல்ஃப் ஆடுகிறவர்கள் கொடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்க ஒரு கையடக்க லேசர் கருவி வைத்திருப்பார்கள். அதிலும் ஏறக்குறைய இதே 905 நானோமீட்டர் ஒளிதான். போலீஸ் கருவியைவிடச் சக்தி குறைவு. ஆனால் பூசிய விளக்கையும் பூசாத விளக்கையும் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். என் முதலாளியிடம் இரவல் வாங்கினேன்.

சனிக்கிழமை மாலையே வலப்பக்க விளக்கில் மட்டும் திரவத்தைப் பூசிக் காயவிட்டோம். இடப்பக்கத்தைத் தொடவில்லை. ஒரே கார், ஒரே வெயில், ஒரே கருவி. அப்போதுதான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு, வண்டிப் போக்குவரத்து இல்லாத ஒரு செம்பனைத் தோட்டச் சாலைக்குப் போனோம். நூல் பிடித்தாற்போல நேரான சாலை. ஓரத்தில் மின்கம்பங்கள். ஒரு கம்பத்துக்கும் அடுத்ததற்கும் 40 மீட்டர் இருந்தது, அளந்து பார்த்துக்கொண்டேன். சாலையின் ஒரு முனையில் காரை நிறுத்தினோம். ஒரு விளக்கைச் சோதிக்கும்போது மற்றதைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டோம். நான் கம்பம் கம்பமாகப் பின்னால் நடந்து, ஒவ்வொரு கம்பத்தடியிலும் பத்து முறை கருவியை அழுத்தினேன். பத்தில் ஐந்து முறையாவது தூரம் காட்டினால் அந்தக் கம்பம் 'பாஸ்'. சின்னவன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தான். அன்று அவனுக்கு விடுமுறை.

பூசாத இடப்பக்க விளக்கு 16-வது கம்பம் வரை பிடிபட்டது. பூசிய வலப்பக்க விளக்கு 13-வது கம்பத்தோடு நின்றுவிட்டது. மூன்று கம்பம் வித்தியாசம்.

மூத்தவனுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா மாமா, வேல செய்யுது!"

உண்மைதான், வேலை செய்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. பிறகு இரண்டு விளக்கையும் துணியால் மூடிவிட்டுக் காரின் வெள்ளை உடம்பைக் குறிவைத்தேன். பத்தாவது கம்பம் வரை தூரம் காட்டியது. அதாவது, விளக்கு ஒளியை ஒரு துளிகூடத் திருப்பவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், 400 மீட்டருக்குள் வந்துவிட்டால் காரின் உடம்பே காட்டிக்கொடுத்துவிடும். அதுவும் கோல்ஃப் கருவிக்கே.

இது ஆய்வுக்கூடச் சோதனை இல்லை. ஒரு கார், ஒரு கருவி, ஒரு காலை. அமெரிக்காவில் இதே ஆர்வம் உள்ளவர்கள் உண்மையான போலீஸ் துப்பாக்கிகளையே வாங்கி வைத்துக்கொண்டு சோதிக்கிறார்கள். எந்தத் துப்பாக்கி, எந்த நிறக் கார், எந்தக் கோணம் என்பதைப் பொறுத்து அவர்களுடைய முடிவுகளும் மாறுகின்றன. ஆனால் அடிப்படைக் கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான்.

அந்தக் கணக்கு இது. தூரம் கூடக்கூட, திரும்பிவரும் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நாலில் ஒரு பங்காகிவிடும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். துப்பாக்கி பிடிக்கும் தூரத்தைப் பாதியாக்க வேண்டுமானால் திரும்பும் ஒளியில் நாலில் மூன்று பங்கை விழுங்க வேண்டும். எங்கள் திரவம் 16 கம்பத்தை 13 ஆக்கியது என்றால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒளியை விழுங்கியிருக்கிறது என்று பொருள். அவ்வளவு விழுங்கியும் தூரம் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை.

2019-ல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் வாகனக் கண்காட்சியில் பிஎம்டபிள்யூ நிறுவனம் ஒரு காரை நிறுத்தியது. உலகின் மிகக் கறுப்பான பொருள்களில் ஒன்றாகப் பேசப்பட்ட வாண்டாபிளாக் பூச்சு பூசிய கார் அது. உடம்பின் வளைவு நெளிவு எதுவும் தெரியாமல், வெட்டி எடுத்த நிழலைப் போல இருந்தது. அதிலும் முன்விளக்குகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. விளக்கென்று ஒன்று இருந்தால் அது ஒளியை வெளியே விட்டுத்தானே ஆக வேண்டும்?

மூன்று நொடிக்கு என்ன விலை?

மூன்று கம்பம் என்றால் 120 மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டரில் போகிறவனுக்கு அது மூன்று நொடி. போத்தல் வாங்கித் தருவது அந்த மூன்று நொடியைத்தான்.

அந்த நொடிகளை எப்படிச் செலவு செய்வது? போலீஸ் நிற்பது முன்பே தெரிந்தால்தானே பிரேக்கை மிதிக்க முடியும்? அவர்களோ மேம்பாலத் தூணுக்குப் பின்னால், நிழலில் நிற்பார்கள். அதிலும், பல கார்கள் சேர்ந்து வரும் சாலையில் எந்தக் கார் என்று உறுதியாகத் தெரிய வேண்டும் என்பதால், சில நூறு மீட்டருக்குள் வந்த பிறகு குறிவைப்பதே சௌகரியம். அந்தத் தூரத்தில் பூச்சு போட்ட காரும் போடாத காரும் ஒன்றுதான்.

மூத்தவன் விடவில்லை. "மூணு செகண்டு இருந்தா 140-லேருந்து 110-க்கு எறக்கிரலாம் மாமா."

இறக்கலாம். பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் லாரி ஓட்டுநரும் அதே நொடியில் பிரேக் போட்டால்.

நோட்டுப் புத்தகத்தின் மறுபக்கத்தில் இன்னொரு கணக்குப் போட்டேன். ஆபத்தைப் பார்த்து மூளை காலுக்குச் செய்தி அனுப்ப ஏறக்குறைய ஒன்றரை நொடி என்று வைத்துக்கொண்டேன். அதன் பிறகு, காய்ந்த சாலையில் நல்ல டயரோடு பிரேக் பிடித்தால், 110-ல் வரும் கார் மொத்தம் ஏறக்குறைய 115 மீட்டரில் நிற்கும். கம்பக் கணக்கில் சொன்னால் மூன்று கம்பத்துக்குள். 140-ல் வரும் கார் நிற்க ஏறக்குறைய 170 மீட்டர் வேண்டும். நாலு கம்பத்துக்கும் மேல்.

இதில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 110 கார் முழுதாக நின்றுவிட்ட அந்த இடத்தில், 140 கார் எந்த வேகத்தில் இருக்கும்? மூத்தவன் 30 என்றான். சின்னவன் 50 என்றான். கணக்குப்படி வருவது 98 கிலோமீட்டர். இருவரும் என் கையிலிருந்து நோட்டை வாங்கித் தாங்களே போட்டுப் பார்த்தார்கள். விடை மாறவில்லை. இது காய்ந்த சாலைக் கணக்கு. ஜொகூரில் மாலை மழை எப்படிப் பெய்யும் என்று நமக்குத் தெரியும்.

நேரம் மிச்சமாகுமே என்றால், ஆகும். 300 கிலோமீட்டரை 110-ல் ஓட்டினால் ஏறக்குறைய 2 மணி 44 நிமிடம். 140-ல் 2 மணி 9 நிமிடம். வழியில் ஒரு டோல் சாவடி நெரிசலோ சாலைப் பழுதோ இல்லாவிட்டால் 35 நிமிடம் மிச்சம்.

வேகத்தைப் பிடிக்கும் முறைகளும் ஓரிடத்தில் நின்றுவிடவில்லை. 2012-ல் நம் நாட்டில் தானியங்கிக் கேமராக்கள் வந்தன. பிரிட்டன் போன்ற நாடுகளில் இரண்டு இடங்களில் எண் பலகையைப் படம் எடுத்து, இடைப்பட்ட தூரத்தை எவ்வளவு நேரத்தில் கடந்தீர்கள் என்று பார்த்துச் சராசரி வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். 2025-ல் நம் போக்குவரத்து அமைச்சும் இந்த முறைக்கு மாறும் திட்டத்தை அறிவித்தது. கடிகாரத்தை ஏமாற்றும் பூச்சு எந்தக் கடையிலும் கிடைக்காது.

கத்திரிக்காயிடம் கற்ற வித்தை

காரை லேசருக்குத் தெரியாமல் மறைக்கச் சிலர் காசு செலவழிக்கும் அதே காலத்தில், காரை லேசருக்கு நன்றாகத் தெரியவைக்கப் பெரிய பெயிண்ட் நிறுவனங்கள் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது.

தானாக ஓடும் கார்களில் பல, சுற்றியிருக்கும் வண்டிகளை லேசர் ஒளியால்தான் 'பார்க்கின்றன'. சாதாரணக் கறுப்பு பெயிண்ட்டில் இருக்கும் கரி அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. வெள்ளைக் காரைத் தூரத்திலேயே காணும் கருவிக்குக் கறுப்புக் கார் தாமதமாகத்தான் தெரியும். அமெரிக்காவின் பிபிஜி என்ற பெயிண்ட் நிறுவனம் இதற்கு வழி தேடியபோது கத்திரிக்காயைப் பின்பற்றியது. கத்திரிக்காயின் கருநீலத் தோல் அகச்சிவப்பு ஒளியை உள்ளே விட்டுவிடும். உள்ளே இருக்கும் வெள்ளைச் சதை அதைத் திருப்பி அனுப்பும். அதனால்தான் கொளுத்தும் வெயிலிலும் அது அதிகம் சூடாவதில்லை. அதைப் போலவே, மேலே அடர்நிறம், அடியில் ஒளியைத் திருப்பும் இன்னொரு பூச்சு என்று அவர்கள் செய்தார்கள். கண்ணுக்குக் கறுப்பு, லேசருக்கு வெளிச்சம்.

சாலையில் மற்றவர் கண்ணில் படுவது உயிர் காக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1992-ல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஓட வேண்டும் என்று மலேசியா விதி கொண்டுவந்தது. சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் செய்த ஆய்வில், கண்ணில் படாததால் நேரும் மோட்டார் விபத்துகள் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்தது தெரிந்தது. ஒரு விளக்கு. அவ்வளவுதான்.

ஆனாலும் 2023-ல் நம் சாலைகளில் 6,443 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

சின்னவனின் மேலங்கி

தோட்டத்தில் சோதனை முடிந்து கிளம்பும் நேரத்தில் சின்னவன், "மாமா, என்னோட வெஸ்ட்ட ஒரு தடவ பாருங்களேன்" என்றான். விடியற்காலையில் அவன் போட்டுக்கொள்ளும் மஞ்சள் மேலங்கி. அதன் குறுக்கே வெள்ளிநிறப் பட்டைகள் ஓடும். அந்தப் பட்டைகளில் இருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள், ஒளி எங்கிருந்து வந்ததோ அங்கேயே அதைத் திருப்பி அனுப்பும். அவன் அதைப் போட்டுக்கொண்டு காரின் பக்கத்தில் நின்றான். நான் பின்னால் நடந்தேன். 13, 16, 17. சாலையின் கடைசிக் கம்பமான 18-லும் பத்துக்குப் பத்து. அதற்கு மேல் நடக்கச் சாலை இல்லை.

அன்று இரவு அக்கா வீட்டுச் சுவருக்கு எதிரே காரை நிறுத்தி விளக்கைப் போட்டோம். இடப்பக்க வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது. வலப்பக்கம் மங்கல். கொஞ்சம் சாம்பல் நிறம். அகச்சிவப்பை மட்டும் விழுங்கும் என்று சொன்ன திரவம், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்திலும் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டிருந்தது. சின்னவன் மேலங்கியோடு சந்தின் கோடிக்குப் போய் நின்றான். மூத்தவன் இடப்பக்க விளக்கைத் துணியால் மூடினான். பட்டைகள் தெரிந்தன, ஆனால் மங்கலாக. துணியை எடுத்தான். பளீரென்று மின்னின. மறுபடி மூடினான். மறுபடி எடுத்தான்.

அந்த மேலங்கிக்குச் சொந்தமாக ஒளி கிடையாது. பின்னால் வரும் காரின் விளக்கு கொடுப்பதைத்தான் அது திருப்பிக் கொடுக்கும். லேசருக்கு இருக்கும் அதே கணக்கு இதற்கும் உண்டு. விளக்கு குறைவாகக் கொடுத்தால், முன்னால் போகும் மோட்டார் அந்த ஓட்டுநரின் கண்ணுக்குத் தாமதமாகவே தெரியும். போலீசிடமிருந்து வாங்கிய மூன்று கம்பத்தை யாரிடமிருந்து எடுத்துக்கொண்டோம் என்பது அந்தச் சந்தில் தெரிந்தது.

மூத்தவன் எதுவும் சொல்லவில்லை. நானும் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. "சாப்பிட வாங்கடா" என்று அக்கா கூப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் அவன் பழைய துணி ஒன்றையும் மெருகுத் திரவத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். பூசியதைத் தேய்த்து எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சின்னவன் கைப்பேசி வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்தப் போத்தல் இன்னும் அக்கா வீட்டுச் சமையலறை அலமாரியில் இருக்கிறது, முக்கால் பாகம் நிறைந்தபடி. கொடுத்த காசை நினைத்து அக்கா அதைத் தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருக்கிறார். இரண்டு சம்மனையும் மூத்தவன் கட்டிவிட்டான். இனிமேல் வேகமாகவே ஓட்டமாட்டான் என்று நான் எழுதினால் நீங்களும் நம்பமாட்டீர்கள், நானும் நம்பமாட்டேன்.

ஆனால் போன வெள்ளிக்கிழமை அவன் வீடு வந்து சேர மணி பதினொன்றரை ஆனது. வழக்கத்தைவிட அரை மணி நேரம் தாமதம். ஏன் இவ்வளவு நேரம் என்று அக்கா கேட்டதற்கு, "ரோட்டுல மழ" என்றானாம். அக்கா எனக்குப் போன் செய்து சொன்னார். கூலாயில் அன்று மழையே இல்லையாம்.